1ஏ ஐஸ் கிளாஸ் கப்பலுக்குப் பக்கத் தகடு 16 மில்லிமீட்டர்தானா?

முத்துநகர் ஃபோர்த் கேட்டது:

வணக்கம். நான் ஃபோர்த் இன்ஜினியர், ஊர் தூத்துக்குடி. இதுவரை ஏறியதெல்லாம் பெரிய பல்க் கேரியர்கள் (தாது, நிலக்கரி மாதிரி சரக்கை அப்படியே கொட்டி ஏற்றும் கப்பல்கள்). ஆஸ்திரேலியா, பிரேசில், சீனா என்று சுற்றியதில் எனக்குத் தெரிந்த குளிர் கன்ட்ரோல் ரூம் ஏசி மட்டும்தான். இந்த முறை ஒரு சின்ன ஜெனரல் கார்கோ கப்பல் கிடைத்திருக்கிறது. ஜனவரியில் ராட்டர்டாமில் ஏற வேண்டும். பின்லாந்தின் கெமி, ஔலு துறைமுகங்களுக்குப் போய் மரப்பலகையும் காகிதக் கூழும் ஏற்றிவருகிற ஓட்டம். போத்னியா வளைகுடாவின் வடக்கு மூலை, அந்த மாதத்தில் கடல் கெட்டியாக உறைந்துகிடக்கும் என்கிறார்கள்.

கப்பலின் ஐஸ் கிளாஸ் (ஐஸில் ஓட எவ்வளவு வலுவூட்டியிருக்கிறது என்கிற தரம்) 1ஏ. முழுச் சுமையில் இடப்பெயர்ச்சி (கப்பலும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை) சுமார் 12,000 டன், மெயின் இன்ஜின் 4,500 கிலோவாட். ஏறுவதற்கு முன் பார்த்துவைக்கலாம் என்று கப்பலின் வெளித்தகடுகளை விரித்துக் காட்டும் ஷெல் எக்ஸ்பான்ஷன் வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். ஐஸ் பெல்ட் பகுதியில், அதாவது நீர்க்கோட்டை ஒட்டி ஐஸுக்காக வலுவூட்டிய பட்டையில், முன்பக்கம் 16.5 மில்லிமீட்டர், நடுப்பகுதியில் 12.5. ஸ்டீல் டிஎச்36. பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன பல்க் கேரியரில் பக்கத் தகடு 18. அது ஐஸையே பார்க்காத கப்பல்! வெயிலில் ஓடுகிற கப்பலைவிட மெல்லிய தகட்டை வைத்துக்கொண்டு இதை எப்படி ‘ஐஸுக்கு வலுவூட்டிய கப்பல்’ என்கிறார்கள்?

இன்னொன்று. என் மாமா ஒருவர் விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து, “ஐஸ் கிளாஸ் இருந்தால் அண்டார்டிகாவுக்கே போகலாமே, உங்கள் கம்பெனி அங்கே போகாதா?” என்று நச்சரிக்கிறார். போகலாமா?

மூன்றாவது, இன்ஜின் ரூமில் நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?

கடல்காகம்:

தடிமனைப் பார்க்காதீர்கள், கிரேடைப் பாருங்கள். டிஎச்36 குளிருக்கென்றே செய்த ஸ்டீல். சாதாரண ஸ்டீல் குளிரில் கண்ணாடித் தனமாக உடைந்துவிடும். இது உடையாது. அதனால் மெல்லிசாகவே போடலாம்.

வரைபலகை:

கடல்காகம் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிதான் கேள்வியே, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நான் நேவல் ஆர்க்கிடெக்ட். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பியக் கப்பல்களுக்கு ஹல் வரைபடம் போடுவது பல வருடமாக என் பிழைப்பு. அதில் ஐஸ் கிளாஸ் கணக்குதான் எனக்குப் பிடித்த பகுதி.

முதலில் கிரேடு. ஏஎச்36, டிஎச்36, இஎச்36 மூன்றுக்கும் பலம் ஒன்றுதான்: 355 மெகாபாஸ்கல் வரை வளையாமல் தாங்கும். முதல் எழுத்து சொல்வது வேறு விஷயம். எந்தக் குளிரில் வைத்து அடித்துச் சோதித்தார்கள் என்பது அது. ஏஎச் 0 டிகிரியில், டிஎச் மைனஸ் 20இல், இஎச் மைனஸ் 40இல். அதாவது குளிரில் விரிசல் விடுமா என்பதற்கான பதில்தான் கிரேடு. ஐஸ் அழுத்தும்போது தகடு உள்ளே குழியுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. நல்ல கிரேடு போட்டால் தகட்டை மெல்லிசாக்கலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன். 16.5 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது?

தண்ணீர் கப்பலை அழுத்துவதற்கும் ஐஸ் அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் போதும். 5 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 டன் அழுத்துகிறது. எல்லா இடத்திலும் சமமாக, இரவும் பகலும். ஐஸ் அப்படி இல்லை. கடல்மேல் விரிந்திருக்கும் ஐஸ் தளத்தின் ஓரம் கப்பலில் மோதும்போது, தளத்தின் முழுத் தடிமனும் கப்பலைத் தொடுவதில்லை. ஓரம் நொறுங்கி நொறுங்கி, கடைசியில் ஒரு குறுகிய கிடைமட்டப் பட்டையில்தான் தொடுகிறது. பால்டிக் கடலுக்கான பின்லாந்து-ஸ்வீடன் விதிகளில் 1ஏ கிளாஸுக்கு 80 சென்டிமீட்டர் தடிமனான ஐஸை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சுமை தாக்கும் பட்டையின் உயரம் 30 சென்டிமீட்டர்தான். அந்தப் பட்டையில் அழுத்தம் எவ்வளவு? உங்கள் கப்பலின் இடப்பெயர்ச்சியையும் இன்ஜின் பவரையும் போட்டுப் பார்த்தேன். முன்பக்கத்தில் 2.5 மெகாபாஸ்கல் வருகிறது. சதுர மீட்டருக்கு 250 டன் வீதம். தண்ணீரைப்போல ஐம்பது மடங்கு, ஆனால் ஒரு முழம் கூட இல்லாத உயரத்துக்குள்.

(இன்ஜின் பவர் எதற்கு இந்தக் கணக்கில் வருகிறது என்று புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்பார்கள். பெரிய இன்ஜின் வைத்தால் வேகமாகப் போய் மோதுவீர்கள், அவ்வளவுதான். விதியை எழுதியவர்களுக்குக் கேப்டன்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.)

இப்போது ஃபிரேம் (தகட்டை உள்ளிருந்து விலா எலும்புபோலத் தாங்கும் சட்டம்) இடைவெளி. இந்த அளவுக் கப்பல்களில் 700 மில்லிமீட்டர் சகஜம், அதையே வைத்துக்கொள்கிறேன். 700 இடைவெளியில் இந்த அழுத்தத்துக்கு விதி கேட்கும் தகடு ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அதே இடத்தில் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே இன்னொரு ஃபிரேம் வைத்து இடைவெளியை 350 ஆக்கினால்? 16.3. மேலே ஏற்றி 16.5 என்று வரைந்திருப்பார்கள். உங்கள் நடுப்பகுதிக்கும் போட்டுப் பார்த்தேன்: 12.3 வருகிறது, வரைபடத்தில் 12.5. ஆக உங்கள் கப்பலை வடிவமைத்தவர் அந்தக் கூடுதல் ஃபிரேம்களை வைத்திருக்கிறார் என்று நான் வரைபடத்தைப் பார்க்காமலே சொல்வேன். நீங்கள் ஒரு தரம் திறந்து பாருங்கள். எண் போட்ட ஃபிரேம்களுக்கு நடுவே, நீர்க்கோட்டை ஒட்டிய பட்டையில் மட்டும், எண் இல்லாத கோடுகள் இருக்கும்.

பல்க் கேரியரின் 18 மில்லிமீட்டர் எதற்கு என்றால், பெரும்பாலும் கப்பல் முழு நீளத்துக்கும் வளையாமல் இருப்பதற்கு, உள்ளே இருக்கும் சரக்குக்கு, வெளியே இருக்கும் தண்ணீருக்கு. அதன் ஃபிரேம்கள் விலகி விலகி நிற்கும். அந்தத் தகட்டை 250 டன் பட்டைக்கு முன்னால் கொண்டு போய் நிறுத்தினால் ஒரே நாளில் எலும்பும் தோலுமான மாட்டின் விலாவைப்போல ஃபிரேம்கள் வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் தகடு உள்வாங்கிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், ஐஸ் கப்பலைப் பார்க்கப் போனால் வெளியே நின்று தகட்டைப் பார்ப்பதில் பயனில்லை. உள்ளே இறங்கி ஃபிரேமைப் பார்க்க வேண்டும். தகடு குழிந்தால் அது அசிங்கம்; டிரை டாக் (கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்ப்பது) வரை பொறுக்கும். ஃபிரேம் சாய்ந்துவிட்டால் அந்த இடமே போய்விட்டது, அடுத்த அடிக்குத் தாங்க ஆளில்லை. ஃபிரேம் பக்கவாட்டில் சாய்வதுதான் நடைமுறையில் அதிகம் நடப்பது, குறிப்பாக முன்பக்கத்தில், தகட்டுக்குச் செங்குத்தாக நிற்காமல் சரிந்து நிற்கும் ஃபிரேம்களுக்கு. அவற்றை 1,300 மில்லிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் பிராக்கெட்டோ (தாங்கு தகடு) ஸ்ட்ரிங்கரோ (நீளவாட்டுச் சட்டம்) வைத்துப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. பழைய கப்பல்களில், பைப் போடுகிற அவசரத்தில் யாராவது அந்தப் பிராக்கெட்டை வெட்டி எடுத்திருப்பார்கள். சர்வேயில் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.

முன்பக்கம் 16.5, நடு 12.5 ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் சரிந்திருப்பதால் ஐஸைக் கீழே அமுக்கி, வளைத்து உடைக்கிறது. ஐஸுக்கு வளைவு பிடிக்காது, சீக்கிரம் முறியும். ஆனாலும் மோதல் அங்கேதான், ஓயாமல். நடுப்பகுதி ஏற்கெனவே உடைத்த கால்வாய்க்குள் போகிறது, அதனால் குறைவு. ஒரே ஒரு சங்கடம்: நடுப்பகுதியின் பக்கம் செங்குத்துச் சுவர். காற்று மாறி ஐஸ் தளம் முழுவதும் கப்பலை நோக்கி நகர்ந்து, கப்பலும் நின்றுபோய்விட்டால், அங்கே வளைத்து உடைக்க வழியில்லை, நசுக்கல்தான். பால்டிக்கில் நடுப்பகுதிச் சேதம் பெரும்பாலும் இப்படிச் சிக்கி நின்ற கப்பல்களுக்குத்தான். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலைவிட நின்றுவிட்ட கப்பலுக்கே நான் அதிகம் பயப்படுவேன்.

இந்தத் தடிமன்களில் 2 மில்லிமீட்டர் தேய்மானத்துக்கும் துருவுக்கும் என்று சேர்த்தது. கணக்குப்படி நிஜமாகத் தாங்குவது மிச்சம்தான்.

முத்துநகர் ஃபோர்த்:

மேடம், வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஃபிரேம் இடைவெளி 700. நடுவில் எண் இல்லாத கோடுகள் இருக்கின்றன! முன்பக்கம் முழுக்க, நடுப்பகுதியிலும். நான் அதை ஏதோ வெல்டிங் கோடு என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். மிக்க நன்றி.

பக்கவாட்டில் நடுவில் ஒரு முக்கோணமும் அதன் கீழே ஒரு கோடும் வரைந்திருக்கிறது. சரக்கு ஏற்றும் உச்ச வரம்பைக் காட்டும் பிளிம்சால் கோட்டுக்குப் பக்கத்தில். அது என்ன?

வரைபலகை:

அதுதான் இந்தக் கப்பல் ஐஸில் எவ்வளவு ஆழம் வரை அமுங்கலாம் என்கிற கோடு. அதற்குமேல் சரக்கு ஏற்றினால், ஐஸ் தொடுகிற இடம் வலுவூட்டிய பட்டைக்கு மேலே போய்விடும். அங்கே நடு ஃபிரேம் இல்லை, தகடும் சாதாரணம். ஐஸை உடைத்து வழிவிடும் ஐஸ்பிரேக்கர் கப்பல்காரர்கள் தூரத்திலிருந்தே பார்த்து, அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் முக்கோணம்.

மேல் கோடு மாதிரி கீழ் எல்லையும் உண்டு. காலியாக வரும்போது ஆட்கள் அதைத்தான் மறப்பார்கள். பேலஸ்ட் (சமநிலைக்கு ஏற்றும் தண்ணீர்) குறைவாக வைத்துக்கொண்டு மூக்கைத் தூக்கியபடி வந்தால் பட்டை தண்ணீருக்கு மேலே தொங்கும், அடியில் இருக்கும் சாதாரணத் தகடு அடி வாங்கும். உங்கள் கப்பலின் கணக்குக்கு முன்பக்க டிராஃப்ட் (தண்ணீருக்குள் அமுங்கும் ஆழம்) குறைந்தது 3.2 மீட்டர் வேண்டும். புரொப்பெல்லரும் முடிந்தவரை முழுவதும் மூழ்கி, ஐஸுக்குக் கீழே இருக்க வேண்டும்.

பழைய சீஃப்:

நானும் தூத்துக்குடிப் பக்கம்தான் தம்பி, திருச்செந்தூர் ரோடு. ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். மேடம் எழுதியதை ரசித்துப் படித்தேன். எங்களுக்கெல்லாம் இதை யாரும் சொல்லித்தரவில்லை. மூன்றாவது கேள்வி என் இலாகா.

ஐஸில் இன்ஜினியருக்கு ஓட்டை விழுவதைவிடப் பெரிய தலைவலி கூலிங் வாட்டர். சுற்றிலும் தண்ணீர், அதுவும் 0 டிகிரியில், ஆனால் இன்ஜின் சூடாகி அலாரம் அடிக்கும். காரணம், உடைந்த ஐஸ் குழம்பு மாதிரி கப்பலின் அடியில் இறங்கி, கடல்நீரை உள்ளே எடுக்கும் பெட்டியான சீ செஸ்ட்டுக்குள் ஏறி, வடிகட்டியான ஸ்டிரெய்னரில் அடைத்துக்கொள்ளும். பிரஷர் விழும். நீ ஸ்டிரெய்னரைத் திறந்து சுத்தம் செய்து மூடுவதற்குள் அடுத்தது அடைத்திருக்கும். கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜிலிருந்து போன் வரும், “பவரைக் குறைக்காதே, ஐஸ்பிரேக்கர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறான்” என்று.

இதற்காகத்தான் ஐஸ் கிளாஸ் கப்பலில் ஒரு தனி சீ செஸ்ட் இருக்கும். நடுக்கோட்டை ஒட்டி, கூடுமானவரை பின்பக்கம். ஆளே இறங்கி நிற்கிற அளவுக்கு உயரம், ஐஸ் மேலே மிதக்க இடம் வேண்டுமே. விதிப்படி 750 கிலோவாட்டுக்கு ஒரு கன மீட்டர் கொள்ளளவு, ஜெனரேட்டர்களையும் சேர்த்து. உன் கப்பலில் மெயின் இன்ஜினுக்கே 6 கன மீட்டர் ஆகிவிடும். இன்ஜினிலிருந்து வெளியே போகிற சூடான கூலிங் வாட்டரைத் திருப்பி இந்தச் செஸ்ட்டுக்குள் விட ஒரு லைன் இருக்கும். அதுதான் உன் உயிர்நாடி. ஏறிய முதல் வேலையாக அந்த வால்வைக் கண்டுபிடித்துக் கையால் திறந்து மூடிப் பார். கோடை முழுக்க யாரும் தொடாமல் இறுகிப்போயிருக்கும். ஐஸ் வந்த பிறகு பைப் ரெஞ்சோடு போராடுகிறவனைப் பார்த்திருக்கிறேன், பாவம்.

அப்புறம் பேலஸ்ட் டேங்க். நீர்க்கோட்டுக்கு மேலே வரை நிரப்பிய டேங்கில் மேல்மட்டம் உறைந்துவிடும். ஹீட்டிங் காயில் இருக்கலாம், காற்றுக் குமிழி விடுகிற அமைப்பு இருக்கலாம், எது என்று பார்த்துவை. அதைவிட மோசம் ஏர் வென்ட் உறைவது. வென்ட் அடைத்திருப்பது தெரியாமல் பம்ப் போட்டு வெளியேற்றினால் டேங்குக்குள் வெற்றிடமாகி, டேங்க் சுவரே உள்ளே வளைந்துவிடும். ஐஸ் ஒன்றும் செய்யாமல் நாமே கப்பலை நசுக்கிய கதையாகும். டெக்கில் ஃபயர் லைனை வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் காலையில் பைப் பிளந்திருக்கும்.

பிரிட்ஜில் இருப்பவர்கள் பின்னால் எடுக்கும்போது சுக்கான் நடுவில் இருக்கிறதா என்று உன் பங்குக்கு நீயும் ஸ்டீயரிங் கியர் இண்டிகேட்டரைப் பார். சுக்கானைத் திருப்பி வைத்துக்கொண்டு ஐஸுக்குள் பின்னால் போனால் தண்டு முறுக்கிவிடும். 1ஏ கப்பலில் சுக்கானுக்குப் பின்னால் ஐஸ் கத்தி இருக்கும், அதுவும் சுக்கான் நேராக இருந்தால்தான் காப்பாற்றும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ரூம் நீர்க்கோட்டுக்குக் கீழே. ஐஸ் உரசுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். புரொப்பெல்லரில் ஒரு பெரிய துண்டு சிக்கினால் இன்ஜின் திணறி லோடு ஏறி இறங்கும். முதல் நாள் நீ தூங்க மாட்டாய். போகப் போகச் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும், கப்பல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

நங்கூரம்:

அண்டார்டிகா கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. என் கருத்து: 1ஏ கப்பல் 80 சென்டிமீட்டர் ஐஸைத் தாங்கும் என்றால் கோடைக்கால அண்டார்டிகாவுக்குப் போதாதா? ஷாக்கிள்டனின் அண்டார்டிக் பயணக் கப்பல் எண்டூரன்ஸ் ஐஸில் நசுங்கியது மரக்கப்பல் என்பதால். ஸ்டீலாக இருந்திருந்தால் ஷாக்கிள்டன் அதிலேயே வீடு திரும்பியிருப்பார்.

வரைபலகை:

இரண்டையும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மரம்தான் காரணம் என்றால் ஃபிராம் என்ன செய்தது? அதுவும் மரம்தான். 1892இல் நார்வேயில் காலின் ஆர்ச்சர் கட்டியது. நார்வேயின் துருவப் பயணி நான்சென் அதை வேண்டுமென்றே ஆர்க்டிக் ஐஸில் உறையவிட்டு 1893 முதல் 1896 வரை மிதக்கவிட்டார். அடிப்பகுதியை உருண்டையாகச் செய்திருந்தார்கள். ஐஸ் இரண்டு பக்கமும் நெருக்கும்போது கப்பல் நசுங்காமல் வழுக்கி மேலே ஏறிக்கொள்ளும். சுக்கானையும் புரொப்பெல்லரையும் கூட உள்ளே தூக்கிக்கொள்ளலாம். அந்தக் கப்பல் இன்றும் ஆஸ்லோவில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

எண்டூரன்ஸ் 1915 நவம்பர் 21இல் வெடல் கடலில் மூழ்கியது. 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தத் தேடலில் இருந்த பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யூக்கா துக்குரி, ஐஸ் இயக்கவியல் ஆள், கப்பலின் அமைப்பை எடுத்து ஆராய்ந்து 2025இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொல்வது எனக்கு நூறு சதவீதம் ஒத்துப்போகிறது. அது ஐஸ் ஓரத்தில் போய்வரக் கட்டிய கப்பல், ஐஸின் பிடிக்குள் கிடக்கக் கட்டியது அல்ல. பக்கவாட்டு நெரிசலைத் தாங்கும் மூலைவிட்ட உத்தரங்கள் அதில் இல்லை. இன்ஜின் ரூம் நீளம் அதிகம், அந்த இடத்தில் குறுக்கே தாங்க ஆதரவும் இல்லை. கொடுமை என்னவென்றால், இன்னொரு பயணத்துக்கான டாய்ச்லாண்ட் என்ற கப்பலில் அந்த மூலைவிட்ட உத்தரங்களை வைக்கச் சொல்லி யோசனை சொன்னதே ஷாக்கிள்டன்தான். அந்தக் கப்பல் வெடல் கடலில் பல மாதம் சிக்கியும் தப்பி வந்தது. இரண்டும் மரம்தான்.

இப்போது 80 சென்டிமீட்டர். 80 சென்டிமீட்டர் எந்த ஐஸ்? பால்டிக்கில் இருப்பது அந்தக் குளிர்காலத்தில் உறைந்து வசந்தத்தில் கரையும் முதல் வருட ஐஸ். துருவங்களில் ஒரு கோடையைத் தாண்டிய பழைய ஐஸ் உண்டு, உப்புநீர் எல்லாம் வடிந்து இறுகியது. அதற்கும் மேலே பனியாற்றிலிருந்து உடைந்து விழும் ஐஸ். அது கடல் உறைந்ததே அல்ல. நூற்றாண்டுகளாகப் பனி அழுந்தி அழுந்தி ஆனது. அதில் ஒரு வீடு அளவுத் துண்டு தண்ணீருக்கு மேலே கொஞ்சமே தலைகாட்டி மிதக்கும், அலை இருந்தால் ரேடாரில் சரியாக விழாது. 1ஏ கணக்கில் இந்த ஐஸ் எங்கேயும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எக்ஸ்ப்ளோரர் என்ற சிறிய பயணக் கப்பல், 1969இல் பின்லாந்தில் துருவப் பயணத்துக்கென்றே வலுவூட்டிக் கட்டியது. 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்குப் பக்கத்தில் ஐஸில் மோதி மூழ்கியது. 154 பேரும் உயிர் பிழைத்தார்கள், நார்ட்நோர்கே கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. கொடி நாடான லைபீரியாவின் விசாரணை அறிக்கை சொன்ன விஷயம்தான் இங்கே முக்கியம்: கேப்டன் பால்டிக்கில் நல்ல அனுபவசாலி, ஆனால் அங்கே இருந்த ஐஸ் வகை அவருக்குப் பழக்கமில்லை. இருந்ததைவிட மென்மையான ஐஸ் என்று எண்ணி, அதற்குத் தகாத வேகத்தில் உள்ளே போனார். நம்மூர்க் கேப்டனாக இருந்தால் பயத்திலேயே மெதுவாகப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆக மாமாவுக்குப் பதில்: 1ஏ கப்பல் அண்டார்டிகாவுக்குப் போகக் கூடாது என்று சட்டம் இல்லை. 2017 ஜனவரி 1 முதல் போலார் கோட் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி தனிச் சான்றிதழ் வேண்டும். எந்த ஐஸில், எந்தக் குளிர் வரை என்று அதில் எழுதியிருக்கும். துருவத்துக்கென்று பிசி 1 முதல் பிசி 7 வரை வேறு வரிசை உண்டு, 1 தான் மிக வலுவானது. நம் 1ஏ ஏறக்குறைய அதில் கடைசியான பிசி 7இன் பக்கம் வரும். நம் நாட்டு அண்டார்டிக் பயணங்களுக்கே வாசிலி கோலோவ்னின் மாதிரி ரஷ்யத் துருவக் கப்பலை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், ஒரு 1ஏ ஜெனரல் கார்கோவை எடுக்கவில்லை.

இன்னொன்றும் மாமாவுக்குச் சொல்லலாம். 1ஏ கப்பல் தானாக ஐஸை உடைத்துக்கொண்டு போவதற்கான கப்பலே இல்லை. ஐஸ்பிரேக்கர் உடைத்துப் போட்ட, 1 மீட்டர் தடிமனுக்கு ஐஸ் துண்டுகள் நிறைந்த கால்வாயில் 5 நாட் வேகம் எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் இன்ஜினுக்கு வைத்திருக்கும் தேர்வு. பின்லாந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் துறைமுகம் வாரியாக ‘இந்தக் கிளாஸுக்கும் இந்த டன்னுக்கும் குறைந்தால் ஐஸ்பிரேக்கர் உதவி கிடையாது’ என்று அறிவிக்கும். கடுமையான காலத்தில் கெமிக்கு 1ஏ கேட்பார்கள். அந்த அனுமதிச் சீட்டுக்காகத்தான் முதலாளி இத்தனை ஃபிரேமுக்கும் காசு கொடுத்திருக்கிறார்.

நங்கூரம்:

எக்ஸ்ப்ளோரர் பற்றித் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து திரவ எரிவாயு ஏற்றும் யாமல் எல்என்ஜி கப்பல்கள் ஐஸ்பிரேக்கரே இல்லாமல் போகின்றனவே?

வரைபலகை:

போகின்றன, அவை வேறு ஜாதி. கிறிஸ்டோஃப் டி மார்ஜரி கப்பலை எடுங்கள். 299 மீட்டர் நீளம், ரஷ்ய வகைப்பாட்டில் ஆர்க்7, மூன்று சுழலும் உந்திகளில் மொத்தம் 45 மெகாவாட். 2017 ஆகஸ்டில் நார்வேயிலிருந்து தென்கொரியாவுக்கு ரஷ்யாவின் வடகரையை ஒட்டிய ஆர்க்டிக் கடல் பாதையில் துணையில்லாமல் போனது. கெட்டியான ஐஸ் வந்தால் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு போகும். உந்திகள் அடியில் ஐஸை அரைத்துக் கழுவிவிடும், 2 மீட்டருக்கு மேலான ஐஸிலும் நகரும். 4,500 கிலோவாட் ஜெனரல் கார்கோவை அதன் பக்கத்தில் வைத்துப் பேசுவது நியாயமில்லை.

முத்துநகர் ஃபோர்த்:

எல்லாருக்கும் நன்றி. சீஃப் சார், ஐஸ் செஸ்ட் திருப்பு லைன் வால்வு எண்ணை பைப்பிங் வரைபடத்தில் குறித்துவைத்துவிட்டேன். கடைசியாக ஒன்று. கப்பலின் சமீபத்திய போட்டோவில் நீர்க்கோட்டை ஒட்டிப் பெயின்ட் முழுக்க உரிந்து வெறும் ஸ்டீல் பளபளக்கிறது. இது கவலைப்பட வேண்டிய விஷயமா?

வரைபலகை:

பாசி, சிப்பி ஒட்டாமல் தடுக்கும் சாதாரண ஆன்டிஃபௌலிங் பெயின்ட் என்றால் ஒரே குளிர்காலத்தில் ஐஸ் சுரண்டிவிடும், அதில் ஆச்சரியமில்லை. ஐஸுக்கென்று கரைப்பான் இல்லாத கெட்டி எபாக்சி பூச்சு உண்டு, பின்லாந்தின் டெக்னோஸ் கம்பெனியின் இனெர்டா 160 அதில் பழைய கை. வெறும் ஸ்டீல் துருப்பிடித்துச் சொரசொரப்பானால் ஐஸ் உராய்வு கூடும், அதே பவரில் வேகம் குறையும். உங்கள் இன்ஜின்தான் அதற்கு விலை கொடுக்கும்.

ஆனால் போட்டோவை வைத்து எதையும் சொல்ல முடியாது. கடைசி டிரை டாக்கில் எடுத்த தடிமன் அளவு ரிப்போர்ட் கப்பலில் இருக்கும், செகண்ட் இன்ஜினியரிடம் கேளுங்கள். அதில் ஐஸ் பெல்ட் வரிசையை மட்டும் பாருங்கள். முன்பக்கத்தில் 16.5 இருந்த இடம் 15 என்றால் பரவாயில்லை, அந்த 2 மில்லிமீட்டர் தேய்வதற்கென்றே போட்டது. 14 என்று எங்காவது இருந்தால் அந்த ஃபிரேம் எண்களைக் குறித்துக்கொண்டு, அந்த டேங்குக்குள் இறங்குகிற நாளில் டார்ச்சோடு போய் ஃபிரேம் நேராக நிற்கிறதா, பிராக்கெட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இறங்குவதற்கு முன் காற்றுச் சோதனை, அனுமதிச் சீட்டு எல்லாம் வழக்கம்போல.

பழைய சீஃப்:

அதோடு கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள். ஸ்டிரெய்னர் திறந்தால் ஒன்று நனையும்.